மறுமொழி: [கலைச்சொல்] ஆட்டத் திரையில் சேதி சொல்லும் குறி

> படவுரு என்ற சொல்லே போதுமே. திரையில் தெரிவதெல்லாம் படம்தானே?

வணக்கம் ஐயா. போதாது என்றுதான் நினைக்கிறேன். பொத்தான்மேல் இருக்கும் சிறு படத்துக்குப் படவுரு என்று பெயர் நிலைத்துவிட்டது, அது அப்படியே இருக்கட்டும். நான் சொல் தேடுவது வேறொன்றுக்கு.

ஒரு கணினி ஆட்டத்துக்குள் பாறை விளிம்பில் மஞ்சள் சாயம் பூசியிருக்கிறது. பார்த்ததும் 'இதைப் பிடித்து ஏறலாம்' என்று ஆட்டக்காரருக்குப் புரிகிறது. 2008-இல் வந்த மிரர்ஸ் எட்ஜ் ஆட்டத்தில் வெள்ளை நகரத்துக்கு நடுவே சிவப்பாகத் தெரியும் குழாயும் பலகையும்தான் ஓட வேண்டிய வழி. 2023-இல் ரெசிடென்ட் ஈவில் 4 மறுபதிப்பு ஏணிகளிலும் பெட்டிகளிலும் மஞ்சள் பூசியது. அடுத்த ஆண்டு ஃபைனல் ஃபேண்டசி 7 ரீபர்த்தின் பாறைகளிலும் மஞ்சள் வந்தபோது இணையத்தில் சண்டையே மூண்டது. ஆட்டக்காரரை முட்டாளாக்குகிறார்கள் என்றது ஒரு கூட்டம், சாயம் இல்லாவிட்டால் வழி தெரியாமல் சுற்றுவோம் என்றது இன்னொன்று. நான் இரண்டாவது கூட்டம்.

இதை ஆங்கிலத்தில் சிக்னிஃபையர் என்கிறார்கள். முதலில் உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன், ஒரு பொருளை வைத்து என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதைக் குறிக்க அஃபார்டன்ஸ் என்ற சொல்லை உருவாக்கினார். டான் நார்மன் 1988-இல் அதை வடிவமைப்புத் துறைக்குக் கொண்டுவந்தார். எல்லோரும் அதைக் கண்டதற்கெல்லாம் பயன்படுத்தத் தொடங்கவே, கண்ணில் படும் குறியை மட்டும் பிரித்து சிக்னிஃபையர் என்று அவரே பிறகு பெயர் வைத்தார். தமிழில் அதற்குக் 'குறிப்பான்' என்று போடலாம்தான். ஆனால் மொழியை ஆராயும் அமைப்பியல் பற்றி எழுதியவர்கள் சொல்லின் வடிவத்துக்குக் குறிப்பான், அதன் பொருளுக்குக் குறிப்பீடு என்று இரண்டையும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. அதையும் சேர்த்து இறக்குமதி செய்வானேன்?

'செய்குறி' என்று வைக்கலாமா? வினைத்தொகை. செய்யச் சொல்லும் குறி என்றும் விரியும், வடிவமைப்பாளர் செய்து வைத்த குறி என்றும் விரியும். இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன.

ஆனால் செய்குறியோடு வேலை முடியவில்லை. அதே மஞ்சளை நம் மலேசியக் காட்டில் வையுங்கள். பெரிய மரம், அடியில் மஞ்சள் துணி சுற்றியிருக்கிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்த தமிழர் அந்த மரத்தில் ஏறுவாரா? முனியாண்டி இருக்கிற இடம் என்று செருப்பைக் கழற்றுவார். மலாய்க்காரருக்கு மஞ்சள் அரச குடும்பத்தின் நிறம். மரத்தடியில் சிறிய சிவப்பு மாடம் இருந்தால் சீன நண்பர் டத்தோ கோங் என்னும் காவல் தெய்வம் என்பார். இந்தப் பொருள் எதையும் வடிவமைப்பாளர் கற்றுத் தரவில்லை, ஆட்டக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. இதற்கும் ஒரு பெயர் வேண்டும். என் பரிந்துரை 'மரபுக்குறி'. என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து

* * *

அன்புள்ள தங்கச்சி,

செய்குறி நன்று. படவுருவைப் பற்றிய என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன் (பாதியை மட்டும்).

மரபுக்குறியில் எனக்கு இரண்டு தயக்கம். மரபணு, மரபியல் என்று படித்த பிள்ளைகள் இதையும் உயிரியல் பாடம் என்று நினைக்கலாம். அது சின்னக் குறை. பெரிய குறை, மரபு என்றால் பழையது, மாறாதது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் குறிகளில் பல நேற்று வந்தவை. சீனப் புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் சிவப்பு உறையைப் பார்த்து நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறை வந்தது, தீபாவளிக்கு ஊதா உறை வந்தது. ஊதா உறையைக் கண்டால் நம் பிள்ளைக்கு உள்ளே பணம் என்று தெரியும். அது மரபா? எங்கள் பினாங்கில் அடுக்குமாடி மின்தூக்கியில் நாலாவது மாடிக்கு 3ஏ என்று போடுகிறார்கள், சீன மொழியில் நாலு என்பது சாவு போல் ஒலிப்பதால். அதைச் சீனரல்லாதவரும் தடுமாறாமல் அழுத்துகிறார். அதுவும் மரபில்லை, புழக்கம்.

ப்ளேஸ்டேஷன் ஆட்டக்கருவியின் கைப்பிடியில் உள்ள பொத்தான்களையே எடுங்கள். வட்டம் 'ஆம்', பெருக்கல் குறி 'இல்லை' என்று எண்ணித்தான் அதை வடிவமைத்தார் டெய்யு கோட்டோ. ஜப்பானியப் பள்ளியில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள், அங்கே அது தானாகப் புரிந்தது. மேற்கு நாடுகளுக்குப் போனபோது பெருக்கல் குறி 'ஆம்' ஆகிவிட்டது. 2020-இல் ஐந்தாம் ப்ளேஸ்டேஷன் வந்தபோது ஜப்பானிலும் அப்படியே மாற்றினார்கள். நம் தமிழ்ப்பள்ளியில் விடைத்தாளில் பெருக்கல் குறி போட்டால் தவறு. அதே பிள்ளை வீட்டுக்குப் போய் அதே குறியை அழுத்தி 'சரி' சொல்கிறான், குழம்புவதும் இல்லை. ஒரு நிறுவனம் நினைத்தால் மாற்றிவிட முடிகிறதென்றால் அதை மரபு என்பது மிகை.

ஆகவே 'வழக்குக்குறி'. உலக வழக்கு, பேச்சு வழக்கு என்று நாம் சொல்லும் அதே வழக்கு. யாரோடு புழங்குகிறோமோ அவர்களுக்கே பொருள் தரும், காலத்தோடு மாறவும் செய்யும்.

நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், ஒருவகையில் அதுவும் பொருத்தம்தான். மருத்துவப் பெட்டிக்குச் செஞ்சிலுவை போட்ட ஆட்டங்கள் எத்தனை! அது ஜெனீவா ஒப்பந்தங்கள் பாதுகாக்கும் சின்னம். பிரிசன் ஆர்க்கிடெக்ட் ஆட்டத்தில் மருத்துவ ஊர்திமேல் இருந்த துளியூண்டு சிலுவைக்காகப் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் கடிதம் அனுப்பியது, 2017-இல் அதன் சிவப்பு போயிற்று. இங்கே மலேசியாவில் செஞ்சிலுவைச் சங்கமே 1975-இல் செம்பிறைச் சங்கம் என்று பெயர் மாறியது. அதே 2017-இல் கடவுளரை மோதவிட்ட ஃபைட் ஆஃப் காட்ஸ் ஆட்டத்துக்காக மலேசியாவில் ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் தளத்தையே கொஞ்ச நேரம் முடக்கினார்களே, மறந்துவிடவில்லையே?

திணையின் கருப்பொருளைக் கொண்டுவரலாமா என்றும் யோசித்தேன். பறவையையும் மரத்தையும் பறையையும் சொன்னாலே நிலம் புரிந்துவிடும் ஏற்பாடு அது, நம் பேச்சுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இன்று கருப்பொருள் என்றால் விழாவின் மையக்கருத்து என்றுதான் எல்லோரும் படிக்கிறார்கள். விட்டுவிட்டேன்.

பினாங்கிலிருந்து

* * *

ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். 'வழக்குக்குறி' சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்குகிறது, அவ்வளவுதான். 'வழக்குறி' என்று சுருக்கிப் பார்த்தேன், வழக்குரை போல் ஒலிக்கிறது. முழுசாகவே இருக்கட்டும்.

சொற்பட்டியலில் இப்படிப் பதிகிறேன். செய்குறி: எதைச் செய்யலாம் என்று காட்ட வடிவமைப்பாளர் வைப்பது, ஆட்டத்துக்குள்ளேயே கற்றுக்கொள்ளக்கூடியது. வழக்குக்குறி: ஆட்டக்காரர் தம் சமூகத்திலிருந்து பொருளைக் கொண்டுவந்து படிப்பது. ஒரே பொருள் இரண்டுமாக இருக்கலாம். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் செய்குறியைத்தான் மாற்ற வேண்டும் என்று குறிப்பும் சேர்க்கிறேன். வழக்கை மாற்ற நம்மால் ஆகாது.

நாங்கள் செய்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் வாசல் கோலத்தை, ஆட்டத்தில் எட்டிய நிலையைச் சேமிக்கும் இடமாக வைத்திருந்தார்கள், ஆட்டக்காரர் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். குழுவில் இருந்த தமிழ்ப் பெண்கள் ஒருவரும் மிதிக்கவில்லை. இப்போது அதைக் கோலத்துக்குப் பக்கத்து விளக்குக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். விளக்கைத் தொட்டால் போதும்.

அப்புறம், தனிமடலில் ஒரு தம்பி ஒலியைப் பற்றிக் கேட்டிருந்தார். உறுமி அடித்தால் தைப்பூசக் காவடி என்று நமக்குப் புரிகிறதே, அதையும் குறி என்பதா என்று. குறி என்றாலே கண்ணால் காண்பது என்ற எண்ணம் இருக்கிறது, அதனால் தயங்குகிறேன். அதற்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி, இதிலேயே கலக்க வேண்டாம்.