ஒத்தி வீட்டில் காரை விழுகிறது: பணம் வரும்வரை இருப்பதா, கிளம்புவதா?

செல்லூர் அம்மா
மதுரை செல்லூரில் நாலு லட்சம் ஒத்திக்கு இருக்கிறோம். மாத வாடகை கிடையாது, கிளம்பும்போது அந்தப் பணம் திரும்ப வர வேண்டும். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் இரவு சாப்பிடும்போது உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து மகன் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். கம்பி தெரிகிறது, நகத்தால் சுரண்டினால் துரு செதில் செதிலாக வருகிறது. மழை பெய்தால் அதே சுவரில் சுவிட்ச் போர்டு நனைகிறது. நேற்று குளியலறைக் குழாயைத் தொட்டதும் கை சுர்ரென்றது. வீட்டுக்காரரிடம் மூன்று முறை சொல்லிவிட்டோம், "தைக்கு அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். பிள்ளைகளோடு உடனே கிளம்பலாம் என்கிறேன் நான். கிளம்பினால் நாலு லட்சம் அவ்வளவுதான் என்கிறார் வீட்டில். யார் சொல்வது சரி?

வில்லாபுரத்தான்
நீங்கள் சொல்வதுதான் சரி அக்கா. சட்டமும் உங்கள் பக்கம்தான். தமிழ்நாட்டில் 2017இல் போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்ற சில்லறை வேலைதான் நம் பொறுப்பு. அவர் செய்ய மறுத்தால் நாமே செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது, அவ்வளவுதான். குடியிருக்கவே முடியாத நிலை என்றால், எழுதிக் கேட்டும் அவர் செய்யாதபோது, 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறலாம்.

திருநகர் வீட்டுக்காரர்
தம்பி, அந்த அம்மா ஒத்தி என்கிறார், நீங்கள் வாடகைக் கணக்குச் சொல்கிறீர்கள். மாத வாடகையே இல்லாத இடத்தில் எதில் கழிப்பது? எனக்கும் ஒரு வீடு ஒத்தியில் இருக்கிறது. ஓய்வூதியம் கிடையாது. வாங்கிய பணம் மகள் கல்யாணத்தோடு போய்விட்டது. மதுரையில் பாதிப் பேர் நிலைமை இதுதான்: அடுத்த ஒத்திக்காரர் கொடுப்பதை வாங்கித்தான் இருப்பவருக்குத் திருப்பித் தருகிறோம். திடீரென்று "கிளம்புகிறேன், பணத்தை வை" என்றால் எங்கே போவார் அந்த மனிதர்? கூரைப் பூச்சுக்கே இன்றைக்குப் பெரிய தொகை ஆகும். பேசித் தீர்க்கப் பாருங்கள்.

வில்லாபுரத்தான்
சார், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அவர் பணத்தைச் செலவழித்துவிட்டார் என்பதற்காகப் பிள்ளை தலையில் கூரை விழ வேண்டுமா? மூன்று முறை பேசியாயிற்று என்கிறார். மாநகராட்சியில் புகார் கொடுங்கள் அக்கா. ஆபத்தான கட்டடம் என்று நோட்டீஸ் விட்டால் தன்னால் வழிக்கு வருவார்.

திருநகர் வீட்டுக்காரர்
நோட்டீஸ் வந்து எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று ஆனால்? அந்த அம்மா கொடுத்த பணத்துக்கு இருக்கிற ஒரே பிடி அந்த வீடுதான். அதையும் யோசியுங்கள்.

வயரிங் அண்ணன்
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா, குழாயில் கரண்ட் வருகிறது என்றால் இந்த நிமிடமே மெயினை அணையுங்கள். ஈரக் கையோடு எதையும் தொடாதீர்கள். சுவருக்குள் ஒயர் பழுதாகி, எர்த்தும் சரியில்லாமல் இருந்தால்தான் பெரும்பாலும் இப்படிக் கசியும். நல்ல எலக்ட்ரீசியனை வைத்து எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல்லுங்கள். கசிவு வந்த நொடியில் அது கரண்டைத் துண்டித்துவிடும். அதற்காக வயரிங்கை மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். கம்பத்திலிருந்து வரும் லைனிலும் சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987இல் சொல்லுங்கள். கீழவாசல் பக்கம் ஒரு பழைய வீட்டில் இதே மாதிரிச் சுர்ரென்று அடித்ததை ஒரு மாதம் சும்மா விட்டிருந்தார்கள். நான் போய் டெஸ்டர் வைத்தபோது ஜன்னல் கம்பியிலேயே எரிந்தது.

சட்டம் படிப்பவள்
செல்லூர் அக்கா, ஒரே ஒரு கேள்வி. ஒத்திப் பத்திரம் பதிவு செய்ததா, வெறும் முத்திரைத்தாளில் எழுதியதா?

செல்லூர் அம்மா
பதிவு செய்யவில்லை. முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பணம் வங்கி வழியாகக் கொடுத்தோம். அண்ணே, மெயினை அணைத்துவிட்டேன்.

சட்டம் படிப்பவள்
வங்கி வழியாகக் கொடுத்தது பெரிய ஆறுதல். வாடகை இல்லாமல் மொத்தப் பணம் கொடுத்துக் குடியிருப்பது 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி அனுபவ அடமானம். பணம் திரும்பும்வரை வீட்டைக் கையில் வைத்திருக்கும் உரிமை அதில் உண்டு. வீடு அழியாமல் காக்க அவசியமான செலவை நீங்களே செய்து அசலோடு கூட்டிக்கொள்ளவும் 72ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் முதலில் அவரைச் செய்யச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும், அவர் காலத்தோடு செய்யாமல் விட்டிருக்க வேண்டும். வாயால் மூன்று முறை கேட்டதை நாளைக்கு யாரிடம் காட்டுவீர்கள்? அதனால் எழுத்து முக்கியம்.

சங்கடமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அடமானம் பதிவானால்தான் இந்த உரிமைகள் உறுதி. உங்களுடையது பதிவாகாதது. வீட்டைப் பிடித்துக்கொள்ளும் வாதம் பலவீனமாகும், கொடுத்த பணத்தைக் கேட்கும் வழி மட்டும் மிஞ்சலாம். வில்லாபுரத்தான் அண்ணன் சொன்ன வாடகைச் சட்டத்துக்குள் போகவும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தமே போடவில்லை என்பதைக் காரணம் காட்டி வீட்டுக்காரர் காலி செய்யக் கேட்கவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது.

வில்லாபுரத்தான்
அப்படியென்றால் ஒத்திக்கு இருப்பவர்கள் கதி அதோகதிதானா? எங்கள் தெருவில் பத்து வீட்டில் ஏழு ஒத்தி. பத்திரம் பதிவதற்குச் செலவாகும் என்று ஒருவரும் போவதில்லை. இதை மாற்றாமல் எந்தச் சட்டம் வந்து என்ன?

திருநகர் வீட்டுக்காரர்
அதற்கு நாங்களும் காரணம்தான், ஒத்துக்கொள்கிறேன். பதிவுக்கு வா என்றால் பலர் வருவதில்லை. அம்மா, அந்த மனிதருக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்லிப் பாருங்கள். கம்பி தெரிகிற வீட்டை அடுத்து யாரும் ஒத்திக்கு எடுக்க மாட்டார்கள். அடுத்த ஆள் வராமல் உங்களுக்குப் பணம் தர அவரால் முடியாது. பூச்சு வேலை அவர் கடனைத் தீர்க்கவே தேவை. என்னிடம் ஒருவர் இப்படிச் சொன்ன பிறகுதான் நான் என் வீட்டுக் கூரையைப் பார்த்தேன்.

சட்டம் படிப்பவள்
சார் சொன்னதையும் வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்தில் சேர்க்கலாம். காரை விழுந்த இடம், கம்பி, சுவிட்ச் போர்டு எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரிப் படமெடுங்கள். ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். "நீங்கள் செய்யாவிட்டால் நாங்கள் செய்து ஒத்தித் தொகையில் கூட்டிக்கொள்வோம்" என்று ஒரு வரி இருக்கட்டும். அவர் சம்மதித்தால் பத்திரத்தின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள், 15100இல் கேளுங்கள்.

பிள்ளைகளை இன்றைக்கே வேறு இடத்தில் விடுங்கள். நீங்களும் போய்ப் படுங்கள். ஆனால் பீரோ அங்கேயே இருக்கட்டும், பூட்டு உங்களுடையதாக இருக்கட்டும். கிளம்புவது வேறு, சாவியைக் கொடுப்பது வேறு.

வில்லாபுரத்தான்
இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் மாநகராட்சி விஷயத்தில் நான் மாறவில்லை. பத்து நாளில் பதில் வராவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். மேலே யாராவது குடியிருக்கிறார்களா அக்கா?

செல்லூர் அம்மா
மாடியில் ஒரு வயதான தம்பதி இருக்கிறார்கள். அவர்களும் ஒத்திதான். இன்று காலை படங்களைக் காட்டினேன். அவர்கள் சமையலறையிலும் விரிசல் இருக்கிறதாம், இதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம். கடிதத்தில் அவர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். பிள்ளைகள் அம்மா வீட்டுக்குத் திருமங்கலம் போய்விட்டார்கள். சாவி இவர் பையில் இருக்கிறது. நாளைக் காலை தபால் ஆபீஸ் திறந்ததும் போகிறேன்.