அயலினமா, வந்தேறியா: பாறைக்கரைப் பதிவுத் தாளுக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

"இன்வேசிவ் நான்-நேட்டிவ் ஸ்பீசிஸ்" (வேறிடத்திலிருந்து வந்து, பெருகிக் கேடு செய்யும் உயிரினம்) என்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். எதற்காக என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அகராதியில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள்.

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் கென்ட் மாவட்டம். அதில் மார்கேட்டிலிருந்து ராம்ஸ்கேட் வரை கரை பெரும்பாலும் வெள்ளைச் சுண்ணப்பாறை. கடல் நன்றாக வற்றும் நேரத்தில் தன்னார்வலர்கள் பாறையில் இறங்கி, வேறு கடல்களிலிருந்து வந்து சேர்ந்த உயிரினங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிக் குறிக்கிறார்கள். இப்போது எங்கள் தமிழ்க் குடும்பங்களும் சில சேர்ந்திருக்கின்றன. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்களும் கூடவே வருகிறார்கள். நண்டையும் சிப்பியையும் பிரித்துப் பார்ப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. தாள் ஆங்கிலத்தில் இருப்பதுதான் தொந்தரவு. அதனால் ஒரே பக்கத்தில் அடங்குகிற மாதிரி தமிழில் ஒரு தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

தாளில் ஐந்து உயிரினங்கள்: பசிபிக் சிப்பி, ஆசியக் கரைநண்டு, செருப்பு நத்தை, கம்பிப் பாசி, நான்கு தகட்டுக் கொட்டலசு (பாறையில் ஒட்டியே வாழும் சிறு ஓட்டுயிர்). (பெயர்கள் பெரும்பாலும் நான் வைத்தவை, தாராளமாகத் திருத்தலாம்.) ஒவ்வொன்றுக்கும் எதிரே கண்டோமா, எவ்வளவு, படம் எடுத்தோமா என்று கட்டங்கள். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் வரவேண்டிய தலைப்புதான் அகப்படவில்லை.

படிக்கப்போகிறவர் எழுபது வயதுக்காரர், காற்றடிக்கும் பாறைமேல் நின்றுகொண்டு. அதை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

கென்ட்டிலிருந்து

*

வணக்கம்.

"ஆக்கிரமிப்பு இனம்" என்று பத்திரிகைகளில் எப்போதோ வந்துவிட்டதே? ஆகாயத்தாமரை, சீமைக்கருவேலம், உண்ணிச்செடி எல்லாவற்றுக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நீளம் என்று தோன்றினால் "வந்தேறி". ஒரே சொல், தலைப்புக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். புழக்கத்தில் உள்ளதை விட்டுவிட்டு எதற்குப் புதிதாக ஒன்று?

கோவையிலிருந்து

*

கென்ட் தம்பிக்கும் கோவை ஐயாவுக்கும் வணக்கம்.

இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், விலங்கியல் நடத்திய பழக்கம் விடவில்லை.

தமிழ்நாட்டில் "ஆக்கிரமிப்பு" என்று சொன்னதும் நினைவுக்கு வருவது ஏரிக்கரைக் குடிசையும் அதன் எதிரே வந்து நிற்கும் பொக்லைனும்தான். சிப்பி என்ன பட்டா இல்லாமலா குடியேறியது? "வந்தேறி" இன்னும் மோசம். மேடையில் ஏறி மனிதர்களைப் பார்த்து வீசும் சொல் அது. பிழைப்புக்காக நாடுவிட்டு நாடு போன ஒரு குடும்பத்தின் கையில் "வந்தேறிகளைத் தேடிக் குறிக்கவும்" என்று ஒரு தாளைக் கொடுத்துப் பாருங்கள். இங்கிலீஷ்காரர்களே இதில் தடுமாறித்தான் நிற்கிறார்கள். 1958-ல் ஆங்கிலேயச் சூழலியலாளர் சார்லஸ் எல்டன் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டபோதே படையெடுப்பு என்ற உருவகம் ஒட்டிக்கொண்டது. 1992-ன் பல்லுயிர் உடன்படிக்கையில் "ஏலியன்" என்று இருக்கிறது. பிரிட்டனில் அதை ஓரங்கட்டிவிட்டு "நான்-நேட்டிவ்" என்று எழுதுகிறார்கள். அவர்கள் கழற்றி வைத்த சட்டையை நாம் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய குறை வேறு. இந்தச் சொற்களைக் கேட்டால் அந்த உயிருக்கே அப்படி ஒரு குணம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. தம்பி நிற்கிற அதே பாறையில் ஒரு கல்லைப் புரட்டினால் பச்சைக் கரைநண்டு ஓடும். அது அங்கே சொந்த ஊர்க்காரன், தாளில் அதற்கு இடமில்லை. அதே நண்டு 1817-லேயே அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பதிவாகிவிட்டது. 1989-ல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கண்டார்கள். அதற்கும் வடக்கே வாஷிங்டன் மாநிலத்தில் தன்னார்வலர்கள் கூண்டு வைத்துத் தேடுவது இதைத்தான். ஒரே நண்டு, கென்ட்டில் குடிமகன், அங்கே தேடப்படும் குற்றவாளி. ஆக, நாம் பெயர் வைக்கப்போவது உயிருக்கும் இடத்துக்கும் உள்ள உறவுக்கு. "வந்தேறி" என்று முத்திரை குத்தினால் அந்த உறவு காணாமல்போய் நண்டு மட்டும் மிஞ்சும்.

அப்புறம், ஆங்கிலத் தொடரில் இரண்டு செய்திகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று, மனிதர் மூலமாக வேறிடத்திலிருந்து வந்தது. மற்றது, வந்த இடத்தில் பெருகிக் கேடு செய்கிறது. முதலாவதைக் கரையில் நிற்பவர் கண்ணால் பார்த்தே சொல்லலாம். ஓட்டின் பக்கவாட்டில், கண்ணுக்குப் பின்னால், ஒவ்வொரு பக்கமும் மூன்று பற்களும் காலில் பட்டைபட்டையாக நிறமும் இருந்தால் ஆசியக் கரைநண்டு. பச்சை நண்டுக்குப் பற்கள் ஐந்து. கொட்டலசில் ஆறு தகடுகள் இருந்தால் ஊர்க்காரன், நான்கு இருந்தால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்திலிருந்து இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்து சேர்ந்தது. இதற்குக் கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் பொறுமையும் போதும்.

இரண்டாவது செய்தியைச் சொல்வது அவர் வேலையே இல்லை. பல ஆண்டுப் பதிவுகளை அடுக்கி வைத்துப் பார்த்து, பிறகு யாரோ எடுக்க வேண்டிய முடிவு அது. ஐ.நா. ஆதரவில் இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழுவின் 2023 அறிக்கை, மனிதர்களால் இடம்பெயர்ந்து வேரூன்றிய இனங்கள் 37,000-க்கு மேல் என்றும், அவற்றில் கேடு செய்பவையாகப் பதிவானவை 3,500-க்கு மேல் என்றும் சொல்கிறது. பத்தில் ஒன்று. மீதி ஒன்பதையும் தலைப்பிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவானேன்? அந்த நான்கு தகட்டுக் கொட்டலசையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் கரைகளில் ஏராளமாக இருக்கிறது, ஆனாலும் அதை ஒழிக்க யாரும் சுத்தியல் தூக்கவில்லை.

பசிபிக் சிப்பிக்குத்தான் சுத்தியல் தூக்கினார்கள். தானெட் என்கிற அந்த மார்கேட்-ராம்ஸ்கேட் கரையிலேயே தன்னார்வலர்கள் பாறையில் ஒட்டிய சிப்பிகளை அடித்து உடைத்த கதை தம்பிக்குத் தெரிந்திருக்கும். 1960-களில் வளர்ப்புக்காக அரசே கொண்டுவந்த சிப்பி. குளிர்ந்த நீரில் குஞ்சு பொரிக்காது என்று நம்பினார்கள். கடல் சூடேறியது, அது தன்பாட்டில் பெருகிப் பாறையோடு சிமெண்டுபோலப் பற்றிக்கொண்டது. விளிம்பு அலையலையாக, கத்தி மாதிரி இருக்கும், கால் வைத்தால் கிழிக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே கென்ட் கரையில் இன்னொரு பக்கம் அதையே எலுமிச்சை பிழிந்து தட்டில் வைத்து விற்கிறார்கள்.

நம் மன்னார் வளைகுடாவிலும் இதே கூத்து. மண்டபம் பக்கம் வளர்த்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்துவிட்டதாக 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வளர்ப்பு இன்னும் நடக்கிறது, அதை நம்பிப் பெண்கள் பிழைக்கிறார்கள். ஊரில் அதற்குப் பெயர் "பெப்சி பாசி". வளர்ப்பைப் பரப்பிய நிறுவனம் எது என்பது பெயரிலேயே இருக்கிறது பாருங்கள். எண்ணூரில் தென் அமெரிக்கச் சிப்பி ஒன்று கொசஸ்தலை ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி மூடி, இறால் பிடிப்பவர்கள் வயிற்றில் அடித்தபோது, மீனவர்கள் "காக்கா ஆழி" என்று அழைத்தார்கள். தீர்ப்பாய வழக்கிலும் செய்தியிலும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. "சீமை" என்ற ஒட்டும் இப்படி வந்ததுதான்: சீமைக்கருவேலம், சீமையகத்தி. எங்கிருந்தோ வந்தது என்று மட்டும் சொல்லும், திட்டாது.

சரி, என் முன்மொழிவு. முதல் செய்திக்கு "அயலினம்". இரண்டாவதுக்கு "மண்டுதல்" என்ற வினையிலிருந்து "மண்டினம்". புதர் மண்டிக் கிடக்கிறது, களை மண்டிவிட்டது என்கிறோமே, அந்த மண்டுதல். மற்றதற்கு இடமில்லாமல் நெருக்கியடித்து நிறைவது. இதில் போரும் இல்லை, பொக்லைனும் இல்லை. நம் ஊர்ச் செடிக்கும் சொல்லலாம், வெளியூர்ச் செடிக்கும் சொல்லலாம். எல்லா அயலினமும் மண்டினம் அல்ல என்று ஒரு வரியில் பாடம் நடத்திவிடலாம்.

தூத்துக்குடியிலிருந்து

*

ரீச்சருக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

"ஆக்கிரமிப்பு" வேண்டாம் என்பதற்கு எங்கள் பக்கத்துக் காரணம் வேறு. எங்களுக்கு அது இராணுவத்தோடு சேர்ந்த சொல். விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

"மண்டுதல்" உடனே விளங்கியது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களிடம் கேட்டால், வளவு முழுக்கப் பற்றை மண்டிக் கிடந்தது என்றுதான் கதைப்பார்கள். ஆனால் "மண்டினம்" என்று இறுக்கிக் கட்டும்போது சொல் கெட்டுப்போகிறது. மண்டி என்றால் அடியில் தங்கும் கசடு, தமிழ்நாட்டில் காய்கறிச் சந்தை, முழங்காலில் நிற்பதும் மண்டியிடுதல். "மண்டிய இனம்" என்பது வேகமாகப் படித்தால் மண்டியிட்ட இனம் ஆகிவிடும்! "மண்டும் அயலினம்" என்று விரித்தே எழுதுவோம். இரண்டு சொல் என்றால் என்ன குறைந்துபோகும்? கலைச்சொல் என்றால் ஒரே சொல்லாக இருக்கவேண்டும் என்ற பிடிவாதத்தால் நாங்கள் எத்தனை நல்ல சொற்றொடர்களை நசித்திருக்கிறோம்.

அடுத்தது "அயல்". யாழ்ப்பாணத்தில் அயல் என்றால் பக்கத்து வீடு. அயலட்டை என்றால் நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கிற சனம். ஒரு அம்மாவின் கையில் "அயலினங்கள்" என்று தாளைக் கொடுத்தால், பிரான்ஸ் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கிருந்து நீந்தி வந்ததாக்கும் என்று நினைப்பார். "வேற்று" என்று போட்டால் வேற்றுக்கிரகவாசி வந்து நிற்பான். கலைச்சொல் பட்டியலில் "அயலினம்" இருக்கட்டும், புத்தகம் படிப்பவர் பழகிக்கொள்வார். பாறையில் பிடிக்கும் தாளுக்குக் கலைச்சொல்லே தேவையில்லை என்பது என் எண்ணம். "வேறு கடலிலிருந்து வந்தவை" என்று போடுங்கள். முடிந்தது.

இன்னொன்று. கடல் வற்றும் நேரம் என்று தாளில் வரும் இடத்தில் "ஓதம்" என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் அது வற்றுப்பெருக்கு, தமிழ்நாட்டில் ஏற்றவற்றம் என்பதும் உண்டு. இரண்டிலும் "வற்று" பொதுவாக இருக்கிறபடியால் "கடல் வற்றும் நேரம்" எல்லோருக்கும் சரி.

யாழ்ப்பாணத்திலிருந்து

*

மூவருக்கும் மிக்க நன்றி.

தலைப்பு முடிவாகிவிட்டது: "வேறு கடலிலிருந்து வந்தவை". பின்பக்க விளக்கத்தில் "அயலினம்" ஒருமுறை, "மண்டும் அயலினம்" ஒருமுறை, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று ரீச்சர் அம்மா எழுதிய வரி. "எவ்வளவு" என்ற கட்டத்துக்கு இங்கே ஆறு படி கொண்ட அளவுகோல் ஒன்று பழக்கத்தில் இருக்கிறது. அரிது, அங்கங்கே, ஓரளவு, பரவலாக, நிறைய, மிக நிறைய என்று வைத்திருக்கிறேன். மண்டியிருக்கிறதா என்ற கேள்விக்கு மூலப்பொருள் அந்தக் கட்டத்திலேயே சேர்ந்துவிடுவதால் தலைப்பில் அதை இழுக்கவேண்டியதில்லை என்பதும் இப்போது தெளிவாகிறது.

சுத்தியல் பற்றி ஒரு வார்த்தை. உடைக்கும் வேலை தனி அனுமதியோடு, பழகியவர்களை வைத்துச் செய்வது. எங்கள் தாளின் முதல் வரியே "எதையும் உடைக்கவோ பிடுங்கவோ வேண்டாம், படம் எடுங்கள், புரட்டிய கல்லை அப்படியே திருப்பி வையுங்கள்" என்பதுதான். உள்ளூர்ச் சிப்பியும் பசிபிக் சிப்பியும் இளசாக இருக்கும்போது ஆளை ஏமாற்றிவிடும். அள்ளிப் போடுவதால் தீர்ந்துவிடுவதும் இல்லை. கம்பிப் பாசி 1973-ல் வைட் தீவின் பெம்பிரிட்ஜ் கரையில் ஊன்றி நின்றது தெரிந்ததும், ஆட்கள் இறங்கிக் கையால் பிடுங்கிப் பார்த்தார்கள். இன்று தென் கரை நெடுக அது இருக்கிறது. கடைசி வரி, கரையேறியதும் காலணியையும் வாளியையும் "பார், கழுவு, காயவை". ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு விதையைச் சுமந்து போகிறவர்கள் நாமாக இருக்கக்கூடாதே.

இப்போது இன்னொரு சொல் வேண்டும். தேடியும் கிடைக்காவிட்டால் பலர் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். வெறும் கட்டம் என்றால் தேடவே இல்லை என்றும் ஆகலாம், தேடி இல்லை என்றும் ஆகலாம். அம்மா சொன்ன வாஷிங்டன் மாநிலத்தில் 2015-ல் தன்னார்வலர்கள் கூண்டு வைக்கத் தொடங்கினார்கள். 2016 ஆகஸ்ட்டில் சான் வான் தீவில் ஒரே ஒரு பச்சை நண்டு அகப்பட்டது. அதுவரை எழுதிக் கொடுத்த தாள்களில் எல்லாம் "இல்லை" என்று இருந்ததால்தான் அந்த ஒரு நண்டைப் பார்த்ததும் உடனே ஆட்களைத் திரட்டித் தேட முடிந்தது. "இன்மைப் பதிவு" என்று ஒருவர் சொன்னார். சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் திருக்குறள் உரை மாதிரி ஒலிக்கிறது.

கென்ட்டிலிருந்து

*

தம்பி, "இன்மைப் பதிவு" பட்டியலுக்குப் போகட்டும். தாளில் "தேடினோம், இல்லை" என்று போட்டு அதற்கும் ஒரு கட்டம் வையுங்கள். எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்பதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இல்லை என்பதும் ஒரு மணி நேரம் கல் கல்லாகப் புரட்டிவிட்டு இல்லை என்பதும் ஒன்றாகிவிடாது. "செருப்பு நத்தை"யை மட்டும் மாற்றுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கும் உயிர் அது, அடியில் இருப்பவை பெண், மேலே ஏறியவை ஆண். "அடுக்கு நத்தை" என்றால் பார்த்ததும் பிடித்துவிடுவார்கள்.

தூத்துக்குடியிலிருந்து