40:30:30 கணக்கு நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒத்துவருமா?

பாளை நடைக்காரன்:
வ.உ.சி. மைதானத்தில் காலையில் பார்ப்பவர்கள் எல்லாம் "என்ன அண்ணாச்சி, உடம்புக்குச் சுகமில்லையா?" என்று கேட்கிறார்கள். மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டது. பேரி சியர்ஸ் என்ற அமெரிக்கர் 1995இல் பிரபலமாக்கிய கணக்குதான்: சாப்பிடும் கலோரியில் 40 சதவீதம் மாவுச்சத்து, 30 புரதம், 30 கொழுப்பு. காலையில் இரண்டு இட்லி, மூன்று முட்டை. மதியம் ஒரு கரண்டி சோறு, மற்றபடி மீன். விகிதம் சரியாக இருந்தால் எடை தானாக இறங்கும், அதற்கு நானே சாட்சி.

அம்பை16:
அண்ணாச்சி, சேர்த்ததைச் சொன்னீர்கள், நிறுத்தியதைச் சொல்லவில்லையே. சாயங்காலமானால் ரதவீதியில் நூறு கிராம் அல்வா, அது திகட்டிப்போகாமல் இருக்கக் கையில் கொஞ்சம் மிக்சர் என்று நின்றவர் நீங்கள்தானே? கோதுமைப் பாலும் சீனியும் நெய்யுமான அதை விட்டால் எந்த விகிதத்திலும் இளைக்கலாம். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 811 பேரை நான்கு வித விகிதங்களில் இரண்டு வருடம் வைத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்து 35 சதவீதம் என்று சொல்லப்பட்டவர்களும் 65 என்று சொல்லப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தார்கள்.

பாளை நடைக்காரன்:
அதை முழுதாகப் படியும் வே. சொன்ன விகிதத்தில் அவர்களே ஒழுங்காக நிற்கவில்லை, போகப் போகப் பழைய சாப்பாட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அதை வைத்து விகிதமே வீண் என்பதா? அல்வாவை விட்டது உண்மை. ஆனால் இதற்கு முன்பும் மூன்று தடவை விட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பதினோரு மணிக்குப் பசி வந்து டீக்கடை வடையில் கொண்டுபோய் நிறுத்தும். இப்போது மதியம் வரை வயிறு கேட்பதே இல்லை. கலோரியைக் குறை என்று நீர் சொல்லிவிடுவீர், பசியை யார் குறைப்பது?

குறுக்குத்துறைக்காரி:
முட்டை, மீன் என்றே பேசுகிறீர்கள். எங்கள் வீடு சைவம். 1,600 கலோரியில் 30 சதவீதப் புரதம் என்றால் 120 கிராம், எங்கே போவது? உளுந்து இருக்கிறதே என்பீர்கள், அதையும் பார்த்துவிட்டேன். 100 கிராம் உளுத்தம்பருப்பில் புரதம் சுமார் 23 கிராம், கிராமுக்கு 4 கலோரி வீதம் 92. பருப்பின் மொத்தக் கலோரியோ 320க்கு மேல். சோறே இல்லாமல் வெறும் உளுந்தை வேகவைத்துத் தின்றாலும் 30 சதவீதம் வராது! களி கிண்டினால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் வேறு.

பாளை நடைக்காரன்:
சரி தாயி, 30 வேண்டாம், 20 பக்கம் வரட்டும். ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வில் நம் நாட்டு 18,000 பேரின் சாப்பாட்டை அலசி, 2022இல் அதைத்தானே சொன்னார்கள்? மாவுச்சத்து 50ஐ ஒட்டி, புரதம் 20ஐ ஒட்டி. தயிர், பனீர், சோயா, சுண்டல் என்று சேர்த்தால் எட்டிவிடலாம்.

அம்பை16:
அது சர்க்கரை நோய்க்குச் சொன்னது, எடைக்கு இல்லை. ஆனாலும் 40:30:30இல் தொடங்கி 50:20க்கு வந்துவிட்டீர்கள், இன்னும் இரண்டு பதிவு போனால் என் பக்கமே வந்துவிடுவீர்கள்.

குறுக்குத்துறைக்காரி:
நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் எண்ணெய்க் கணக்கைப் பார்த்தேன். நாலு பேருக்கு மாதம் 5 லிட்டர். கொழுப்புக்கு கிராமுக்கு 9 கலோரி என்பதால் தலைக்கு ஒரு நாளைக்கு 340 கலோரி ஊற்றியிருக்கிறேன், தேங்காய்ப்பால் இதில் சேரவில்லை. இந்த மாதம் 3 லிட்டரோடு சரி, அப்புறம் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துச் சுண்டல். அந்தத் தேங்காய்ப்பால் ஊற்றும் சொதியைக் குறைக்கச் சொல்லி மட்டும் யாரும் வராதீர்கள்.

பாளை நடைக்காரன்:
சொதியில் யார் கை வைத்தார்கள்? இஞ்சித் துவையல் உண்டா, அதைச் சொல்லுங்கள்.