கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? பிளக் விஷயத்தில் இன்ஸ்பெக்டரோடு முரண்பட்ட அனுபவங்கள்

ஸ்காபரோ, வீட்டு வயரிங்

கனடாவின் ஒன்ராறியோவில் இந்த வேலையில் எனக்கு 19 வருடம். இங்கே மின்வேலையைப் பார்க்க இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை வருவார். சுவரின் மரச்சட்டங்களுக்குள் வயர் இழுத்து முடிந்ததும் ஒரு தடவை, சுவர் மூடிப் பெயின்ற் அடித்து எல்லாம் பொருத்திய பிறகு இன்னொரு தடவை. இரண்டாம் தடவை ஏதும் குறை சொன்னால் முடிந்த சுவரை வெட்டவேண்டும். வாக்குவாதம் அநேகமாக அன்றுதான் வரும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், நீங்களும் உங்களுடையதை எழுதுங்கள்.

ஒரு பேஸ்மென்ட் வேலை. வீட்டுக்காரர் தன் மாமியாருக்கு அறை கட்டுகிறார். படுக்கையறையில் சுவரின் அடியோரமாக எந்த இடத்தை எடுத்தாலும் 1.8 மீற்றருக்குள் ஒரு பிளக் (சுவரில் வயரைச் செருகும் இடம்) இருக்கவேண்டும் என்பது விதி. மேசை விளக்கின் வயர் கிட்டத்தட்ட அவ்வளவுதான் எட்டும். பிளக் தூரத்தில் இருந்தால் சனம் எக்ஸ்டென்ஷன் வயரைக் கம்பளத்துக்குக் கீழே விடும், அது சூடாகும். 90 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ அகலமான சுவர்தான் இந்தக் கணக்கில் வரும். கதவை முழுக்கத் திறந்தால் அது மறைக்கிற பகுதியைக் கழித்துவிடலாம்.

அறைக்கதவுக்கும் அலுமாரிக் கதவுக்கும் நடுவில் 1.3 மீற்றர் சுவர் ஒன்று. அறைக்கதவு 81 சென்ரிமீற்றர், அந்தச் சுவரோடு சாய்ந்து திறப்பதாகத்தான் வரைபடத்தில் இருந்தது. கழித்தால் மிச்சம் 49. அதனால் நான் அங்கே பிளக்குக்கான பெட்டி வைக்கவில்லை. முதல் இன்ஸ்பெக்ஷனில் ஒரு கேள்வியும் வரவில்லை.

இரண்டாவது தடவை வந்தவர் நேரே அந்தச் சுவருக்குப் போய் அளவு நாடா பிடித்தார். "இங்கே பிளக் எங்கே?" என்றார். நான் வரைபடத்தை விரித்து, விதி இலக்கத்தையும் சொல்லி, கதவு மறைக்கிற பகுதி கணக்கில் வராது என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். வீட்டுக்காரரும் பக்கத்தில் நிற்கிறார். இன்ஸ்பெக்டர் ஒன்றும் பேசாமல் கதவின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகத் திறந்தார். கதவு மற்றப் பக்கச் சுவரில் போய் நின்றது.

தச்சுவேலைக்காரர் பிணைச்சலை மாற்றிப் பூட்டியிருக்கிறார். வரைபடத்தில் இருந்தபடி திறந்தால் கதவின் மேல்மூலை ஹீற்றிங் குழாயை மூடிய பெட்டியில் இடிக்குமாம். அவருக்கு அது சரியான முடிவு. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் போய்ப் பார்க்கவில்லை.

நல்லகாலம், சுவரின் பின்பக்கம் ஃபர்னஸ் அறை, அங்கே சட்டங்கள் திறந்தபடியே கிடந்தன. அதற்குள்ளால் வயரைக் கொண்டுவந்து, இந்தப் பக்கம் ஒரு பெட்டி அளவுக்கு மட்டும் வெட்டி வைத்தேன். ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போனது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் பெட்டி அடிக்க முதல் தச்சுவேலைக்காரரைக் கூப்பிட்டு, பிணைச்சல் வரும் பக்கத்தைக் கதவு நிலையில் பென்சிலால் கீறச் சொல்கிறேன்.

பிராம்ப்டன், நான்காம் வருட அப்ரென்டிஸ்

அண்ணா, எங்கள் மாஸ்டருக்கும் ஒரு இன்ஸ்பெக்டருக்கும் ஃபிரிட்ஜ் பிளக் விஷயத்தில் நடந்ததை எழுதுகிறேன். இதில் யார் சரி என்று எனக்கு இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சிங்க்கிலிருந்து 1.5 மீட்டருக்குள் வரும் பிளக்குக்கு ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு வேண்டும். கிட்டத்தட்ட 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடும், ஆள் உயிரைக் காப்பாற்றுகிற சாதனம். அந்த வீட்டில் ஃபிரிட்ஜுக்கான பிளக் சிங்க்கிலிருந்து 1.1 மீட்டரில் இருந்தது. வீட்டுக்காரம்மா ஜி.எஃப்.சி.ஐ. வேண்டவே வேண்டாம் என்றார். பழைய வீட்டில் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் அது டிரிப் ஆகி, திரும்பி வந்தபோது ஃப்ரீசரில் வைத்த மீன் எல்லாம் அழுகிக் கிடந்ததாம்.

மாஸ்டர் சாதாரண பிளக்தான் வைத்தார். இன்ஸ்பெக்டர் மறுத்தார். மாஸ்டர் மின்விதிப் புத்தகத்தை எடுத்து விலக்கைக் காட்டினார். ஒரே இடத்தில் நிற்கிற ஒரு சாதனத்துக்கென்று அந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், பிளக்கும் அதன் பின்னால் வேறு சாமான் செருக எட்டாதபடி இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஜி.எஃப்.சி.ஐ. தேவையில்லை. இன்ஸ்பெக்டர் நிதானமாகப் படித்தார். "நீ சொல்வது சரி. ஆனால் ஃபிரிட்ஜ் எங்கே?" என்றார்.

ஃபிரிட்ஜ் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. சுவர் வெறுமையாக இருந்தது. "இன்றைக்கு இந்தப் பிளக்கில் யார் வேண்டுமானாலும் கெட்டிலைச் செருகலாம்" என்று சொல்லிக் குறை எழுதிவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஃபிரிட்ஜ் வந்த பிறகு மறுபடி கூப்பிட்டோம், பாஸ் ஆனது. அந்த மறுவருகைக்கான காசு மாஸ்டர் பையிலிருந்து போனது.

என் மனது மாஸ்டர் பக்கம்தான். இரண்டு பக்கமும் உயரமான பலகை நிற்கிறது, ஐஸ் எடுக்கத் தண்ணீர் குழாய்கூட அங்கே வந்திருக்கிறது. ஃபிரிட்ஜைத் தவிர வேறு எதை அங்கே வைப்பார்கள்?

டெக்சாஸ்

இங்கே இன்ஸ்பெக்டர் ஊராட்சியின் ஆள். என் கதை பிளக்கை எந்தப் பக்கம் பார்த்துப் பூட்டுவது என்பது. எர்த் துளை கீழே வருமாறு ஒரு புது வீடு முழுவதும் பிளக்குகளைப் பூட்டியிருந்தேன். வந்தவர் எல்லாவற்றையும் தலைகீழாக்கச் சொன்னார், எர்த் மேலே வரவேண்டுமாம். 60க்கு மேல் பிளக் அந்த வீட்டில்.

எந்தப் பிரிவு என்று கேட்டேன். எங்கள் ஊர் வழக்கம் என்றார். அமெரிக்க தேசிய மின்விதித் தொகுப்பில் இதற்கு மேல், கீழ் என்று எதுவும் கிடையாது. விதிக்குப் பொருள் சொல்லும் பொறுப்பை அதன் 90.4ஆம் பிரிவு விதியை அமல்படுத்தும் அதிகாரிகளிடம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் இல்லாத விதிக்கு என்ன பொருள் சொல்வது? அங்கேயே நின்று சண்டை போடவில்லை. அவருடைய மேலதிகாரிக்குப் போன் போட்டு, பிரிவு எண் கொடுத்தால் இன்றைக்கே மாற்றிவிடுகிறேன் என்று மரியாதையாகச் சொன்னேன். இரண்டு நாளில் அந்தக் குறையை எடுத்துவிட்டார்கள்.

அவர் சொன்ன காரணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். செருகிய வயரின் முனை பாதி வெளியே வந்து நிற்கும்போது மேலிருந்து ஏதாவது உலோகம் விழுந்தால் முதலில் எர்த் கம்பியில் பட்டுவிடும். நம் ஊர் த்ரீ பின்னில் எர்த் மேலேதானே இருக்கிறது, மற்ற இரண்டையும்விட நீளமாக. நல்ல யோசனை என்று சொல்லியிருந்தால் நானே அப்படிப் பூட்டியிருப்பேன். விதி என்று சொன்னதுதான் தப்பு. (ஊரிலிருந்து அம்மா வந்தபோது முதலில் கேட்டது, இந்த ஊர் பிளக்குக்கெல்லாம் சுவிட்ச் எங்கே என்று. அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.)

மிசிசாகா, வீட்டு உரிமையாளர்

நான் எலக்ட்ரீஷியன் இல்லை. எங்கள் படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க அலமாரி. நிரந்தரமாகப் பொருத்தியது கணக்கில் வராது என்று எலக்ட்ரீஷியன் அந்தச் சுவரை விட்டுவிட்டார். இன்ஸ்பெக்டர் அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்து, நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் இது வெளியே வந்துவிடும், இது தளபாடம் என்றார். பிளக் வைத்தோம். மூன்று வருடம் கழித்து அந்த அலமாரியை எடுத்துவிட்டுக் குழந்தையின் கட்டிலை அங்கேதான் போட்டோம். அந்தப் பிளக்கில்தான் இரவு விளக்கு எரிகிறது.

ஸ்காபரோ, வீட்டு வயரிங்

பிராம்ப்டன் தம்பிக்கு: உங்கள் மாஸ்டர் விதியைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். ஆனால் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவது அன்று அவர் கண்ணால் கண்டதுக்கு. பலகையும் தண்ணீர்க் குழாயும் இடம் ஒதுக்கியதைக் காட்டும், பிளக்கை எட்டாமல் மறைப்பது ஃபிரிட்ஜ் மட்டும்தான். விலக்கில் அந்த இரண்டாவது பாதி அன்று அங்கே இல்லை. நான் இப்போது ஃபிரிட்ஜ் வருகிற திகதியை வீட்டுக்காரரிடம் கேட்டு, அதற்கு அடுத்த நாளுக்குத்தான் கடைசி இன்ஸ்பெக்ஷன் கேட்பேன். அவசரம் என்றால் பழைய ஃபிரிட்ஜையாவது தள்ளிக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்தச் சொல்வேன்.