கில்ட் நடந்தா திறந்துக்குது, பின்னாடி விரியுது – சனிக்கிழமைக்குள்ள சரி பண்ண முடியுமா?

வடக்குக்காற்று:
வணக்கம். அவசரம். ஸ்காட்லாந்துல டண்டீல இருக்கேன். வர்ற சனிக்கிழமை 25-ஆம் தேதி பர்ன்ஸ் நைட், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாள் விருந்து. சாப்பாடு முடிஞ்சதும் கெய்லின்னு ஸ்காட்லாந்துக் கூட்டு டான்ஸ் வேற இருக்கு. அதுக்காக நானே ஒரு கில்ட் (ஸ்காட்லாந்து ஆம்பளைங்க போடற, மடிப்பு வெச்ச பாவாடை மாதிரி உடை) தைச்சேன். சாதாரணமா போட்டுக்கற மாதிரி, பிளெயின் துணில. சும்மா நின்னா நல்லா இருக்கு. நடந்தா முன் ஏப்ரன் (முன்னாடி ஒண்ணு மேல ஒண்ணா வர்ற மடிப்பில்லாத ரெண்டு பாகத்துல மேல வர்றது) ஓரம் விலகி தொடை தெரியுது, பின்னாடி மடிப்பெல்லாம் குடை மாதிரி விரியுது. இன்னும் பெரிய வெல்க்ரோ வெச்சா சரியாகுமா? சீக்கிரம் சொல்லுங்க.

ஊசிக்காது:
தம்பி, வெல்க்ரோவை அப்புறம் பார்க்கலாம். என்ன துணி, எத்தனை மீட்டர், அகலம் எவ்வளவு? உங்க இடுப்பு அளவு, சீட் அளவு (பிட்டத்துச் சுற்றளவு) என்ன? எத்தனை மடிப்பு? மடிப்பை இடுப்புப் பட்டியில மட்டும் பிடிச்சிருக்கீங்களா, கீழ வரைக்கும் தைச்சிருக்கீங்களா? இது தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

இஸ்திரிப்பெட்டி:
விரியுதுன்னா இஸ்திரி பத்தலை. மடிப்பை கீழ் ஓரம் வரைக்கும் இழையோட்டம் போட்டுப் பிடிச்சுக்கோங்க. தண்ணியும் வினிகரும் பாதிக்குப் பாதி கலந்து, ஒரு பருத்தித் துணியை அதுல நனைச்சுப் பிழிஞ்சு மேல போட்டு அழுத்துங்க. தேய்க்கக் கூடாது, அழுத்தணும். சூடு ஆறுற வரைக்கும் எடுக்காதீங்க. வெட்டி மிச்சமான துண்டுல முதல்ல பாருங்க, சாயம் மாறலாம்.

தறிமேடை:
துணிதான் காரணம்னு எனக்குத் தோணுது. கில்ட்டுக்கு நெய்யற கம்பளி கெஜத்துக்கு 13 அவுன்ஸ், 16 அவுன்ஸ்னு வரும், 11-க்குக் கீழ போனா லேசு. அந்த எடைதான் மடிப்பைக் கீழ இழுத்து நிக்க வைக்குது. நெசவும் ட்வில் (சாய்வுக் கோடு விழற நெசவு), அதனால மடிச்ச கோடு நிக்கும். நீங்க பாப்ளின் மாதிரி லேசான துணில தைச்சிருந்தா அது காத்துல பறக்கத்தான் செய்யும். என்ன துணி?

எட்டுகெஜம்:
இந்த மாதிரி கேள்விக்கு இங்க பல தடவை பதில் எழுதியாச்சு. புதுசா வர்றவங்க பழைய இழைகளை (பழைய கேள்வி-பதில்களை) தேடிப் படிக்கணும். கில்ட்னா 8 கெஜம் வொர்ஸ்டட் (நல்லா முறுக்கின வழுவழு நூல்) கம்பளி, கையால தைச்சது. ஒரு நல்ல கில்ட் தைக்க பழகின கைக்கே பல நாள் ஆகும். வெல்க்ரோ வெச்சு சனிக்கிழமைக்குள்ள முடிக்கற விஷயம் இல்ல இது. ஸ்காட்லாந்துல நிறைய ஊர்ல வாடகைக்குக் கிடைக்குது. எடுத்துப் போட்டுக்கோங்க. தையல் அடிப்படை கத்துக்கிட்டு அப்புறம் இதுல இறங்கலாம்.

வடக்குக்காற்று:
எல்லாருக்கும் நன்றி. துணி கரும்பச்சை, 4 மீட்டர். இடுப்பு 34. மடிப்பு 16. பட்டி தைச்சாச்சு.

ஊசிக்காது:
கலர் வேண்டாம் தம்பி. சீட் அளவு?

கண்டிரோட்:
34 எண்டது ஜீன்ஸில எழுதியிருக்கிற அளவோ, டேப் பிடிச்சு எடுத்த அளவோ? ஜீன்ஸ் இடுப்புக்குக் கீழ இறங்கி நிக்கும். கில்ட் தொப்புள் மட்டத்தில நிக்கவேணும், வேட்டி கட்டுற இடம். அந்த இடத்தில டேப்பைச் சுத்திப் பாருங்கோ, வேற அளவு வரும். பிறகு பிட்டம் நல்லாப் புடைச்சிருக்கிற இடத்தில இன்னொருக்கா எடுங்கோ. ரெண்டுக்கும் இடையில எத்தனை இஞ்சி எண்டும் சொல்லுங்கோ. நான் கிளாஸ்கோவில ஒரு குளிர்காலம் முழுக்கப் பிழையான உயரத்தில கில்ட் கட்டித் திரியிற பெடியளைப் பாத்திருக்கிறன், எல்லாருக்கும் முன்பக்கம் திறந்துதான் கிடக்கும்.

ஒத்தையடிப்பாதை:
போட்டோ போட்டா நல்லா இருக்கும். மேல் ஏப்ரன் எந்தப் பக்கம் முடியுது? ஆம்பளைங்க கில்ட்ல வலது பக்கம்தான் முடியணும். உள் ஏப்ரன் இடது பக்கம் போய் அங்க ஒரு வார்ல பூட்டணும். நிறைய பேர் அந்த உள் வாரை விட்டுடறாங்க. வலது பக்கம் மட்டும் பிடிச்சா உள் ஏப்ரன் நழுவி, மேல் ஏப்ரனையும் கூட இழுத்துட்டுப் போகும்.

வடக்குக்காற்று:
போட்டோ போட்டிருக்கேன். கண்ணாடில எடுத்தது, அதனால பக்கம் மாறித் தெரியும். வலது பக்கம்தான் முடியுது. வெல்க்ரோ ஒரு இடத்துல, வலது பக்கம் மட்டும். திறக்காம இருக்க கில்ட்ல அலங்காரத்துக்குக் குத்தற பின்னை ரெண்டு ஏப்ரனையும் சேர்த்துக் குத்தி வெச்சுப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்ல.

ஒத்தையடிப்பாதை:
பின்னை உடனே எடுங்க. அது மேல் ஏப்ரன்ல மட்டும் குத்தறது. ரெண்டையும் சேர்த்துக் குத்திட்டு ஸ்ட்ரிப் த வில்லோன்னு ஒரு கெய்லி டான்ஸ் ஆடினா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கையைப் பிடிச்சு சுத்துவாங்க, துணி கிழிஞ்சுடும்.

தறிமேடை:
போட்டோவைப் பார்த்தா டிரில் (கெட்டியான பருத்தித் துணி) மாதிரி இருக்கு. அப்படின்னா எடை பரவாயில்ல. டிரில்லும் ட்வில் நெசவுதான். என் சந்தேகத்தைப் பாதி வாபஸ் வாங்கறேன். ஆனா பாலியஸ்டர் கலந்ததான்னு ஒரு நூலை உருவி எரிச்சுப் பாருங்க. உருண்டையா உருகினா கலப்பு, மடிப்புக் கோடு சுலபமா பதியாது.

எட்டுகெஜம்:
போட்டோ பார்த்தேன். இதைப் பாவாடைன்னு சொல்லலாம், கில்ட்னு சொல்லாதீங்க. பருத்தி டிரில், வெல்க்ரோ, 4 மீட்டர். ஆயிரம் வருஷப் பாரம்பரிய உடைக்கு ஒரு மரியாதை வேணும்.

கண்டிரோட்:
ஆயிரம் வருசம் எண்டு எங்க இருக்கு? 16-ஆம் நூற்றாண்டு முடியிற காலத்தில இருந்தது பெரிய கில்ட், தைக்காத நீளத் துணி, தரையில விரிச்சு மடிச்சு பெல்ட்டால கட்டி, மிச்சத்தைத் தோளில போடுறது. இடுப்புக்குக் கீழ மட்டும் கட்டுற சின்னக் கில்ட் 18-ஆம் நூற்றாண்டில தான் பரவினது. மடிப்பைத் தைச்சு வைக்கிறது அந்த நூற்றாண்டின்ர கடைசியில. அப்ப தைச்சது பெட்டி மடிப்பு (ரெண்டு பக்கமும் மடிக்கிறது), ஏறக்குறைய 4 கெஜம் துணி. நீங்கள் சொல்லுற 8 கெஜக் கத்தி மடிப்பு (எல்லாம் ஒரே பக்கம் சாயிறது) 19-ஆம் நூற்றாண்டு வழக்கம். இந்தத் தம்பியின்ர 4 மீட்டர் பழைய அளவுக்குக் கிட்டத்தான் நிக்குது.

எட்டுகெஜம்:
சின்னக் கில்ட்டை ஒரு இங்கிலாந்துக்காரர், இன்வர்கேரியில இரும்பு உலை நடத்தின தாமஸ் ராலின்சன் கண்டுபிடிச்சார்னு அடுத்து சொல்லுவீங்க. அந்தக் கதைக்கு ஆதாரம் 1785-ல அச்சான ஒரு கடிதம். அவர் இருந்த காலத்துக்கு ரொம்பப் பின்னாடி வந்தது. ஹைலேண்டர்கள் (ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரங்க) தங்களோட உடையைத் தாங்களே சுருக்கிக்கத் தெரியாதவங்களா?

கண்டிரோட்:
ராலின்சனை நான் இழுக்கவே இல்லை. அவருக்கு முன்னமே அப்பிடிக் கட்டியிருக்கினம் எண்டுதான் நானும் நம்புறன். நான் சொல்லுறது வேற. உடை மாறிக்கொண்டு வந்திருக்கு. 1746-இல சட்டம் போட்டு ஹைலேண்ட் உடையைத் தடுத்தாங்கள், 1782-இல தான் நீக்கினாங்கள். அந்த இடைவெளியில படைப்பிரிவுகள் மட்டும்தான் சட்டத்துக்குப் பயப்படாமல் கட்டினது. பிறகு 1822-இல ராசா நாலாம் ஜோர்ஜ் எடின்பரோவுக்கு வந்த நேரம் நாவலாசிரியர் வால்டர் ஸ்கொட் ஏற்பாடு செய்த விழாவில தான் பெரிய ஆக்கள் எல்லாம் டார்ட்டன் எண்ட கட்டம் போட்ட துணி உடுத்தினது. ஒரு காலத்தில சிறைக்கு அனுப்பின உடையை ஒரு பொடியன் தன்ர கையால தைச்சு உடுக்க நினைச்சா, துணியைக் காட்டி விரட்டக் கூடாது.

எட்டுகெஜம்:
விரட்டலை. தரத்தைச் சொல்றேன். கத்தி மடிப்புக் கில்ட்டைக் கையால தைக்கறவங்க குறைஞ்சுட்டே வர்றாங்க. நாமளும் "எதுவா இருந்தாலும் சரி"ன்னு சொன்னா அந்தக் கை வேலைக்கு யார் காசு கொடுப்பாங்க? எனக்கு அதுதான் கவலை.

இஸ்திரிப்பெட்டி:
ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். ஆனா கேள்வி கேட்டவருக்கு சனிக்கிழமை வந்துட்டிருக்கு. வரலாற்றுக்குத் தனி இழை ஆரம்பிங்களேன்.

வடக்குக்காற்று:
தொப்புள்ள இடுப்பு 36. சீட் 40. நடுவுல 7 இன்ச். துணி அகலம் 60 இன்ச், அதுல 27 இன்ச் உயரத்துக்கு வெட்டினேன், 4 மீட்டர் நீளமும் அப்படியே ஒரே துண்டு. ரெண்டு ஏப்ரனும் 18 இன்ச். மடிப்பு பட்டியில மட்டும்தான் பிடிச்சிருக்கு. டிரில்தான், நூல் சாம்பலாச்சு.

ஊசிக்காது:
இப்போ விஷயம் தெளிவாயிடுச்சு. வெல்க்ரோ, இஸ்திரி, துணி எதுவும் காரணம் இல்ல.

உங்க சீட் இடுப்பைவிட 4 இன்ச் பெருசு. முன்னாடி பாதி, பின்னாடி பாதின்னு பிரிச்சா இடுப்புல 18, சீட்ல 20. நீங்க ஏப்ரனை மேல இருந்து கீழ வரைக்கும் 18-ஆவே வெட்டிட்டீங்க, மடிப்பையும் நேரா 18-க்கே தேய்ச்சிருக்கீங்க. சீட்டுக்கு வேண்டிய அந்த 4 இன்ச் எங்கிருந்தோ வந்தாகணும். பின்னாடி மடிப்பைப் பிடிச்சு இழுத்து வாங்குது, அதான் விரியுது. முன்னாடி ஓரத்தை இழுக்குது, அதான் திறக்குது. நின்னா தெரியாது, கால் எடுத்து வெச்சா தெரியும்.

பட்டியைப் பிரிங்க. மடிப்பையும் முழுசா எடுத்துட்டு புதுசா குறிங்க. 4 மீட்டர் 157 இன்ச். ரெண்டு ஏப்ரனுக்கு 20, 20. ரெண்டு ஓரமும் மடிச்சு அடிக்க 2, 2. மிச்சம் 113. 16 மடிப்புன்னா ஒரு மடிப்புக்கு 7 இன்ச் துணி கிடைக்குது, தாராளம். வெளியில தெரியறது சீட்ல ஒன்றேகால் இன்ச், இடுப்புல ஒரு இன்ச் ஒரு நூல் (நூல்னா இன்ச்ல எட்டுல ஒரு பங்கு). வித்தியாசம் மடிப்புக்கு ஒரு நூல்தான், 16 மடிப்புக்கு 2 இன்ச் ஆயிடும்.

மடிப்பை சீட் மட்டத்துல இருந்து இடுப்பு வரைக்கும், அந்த 7 இன்ச்சும், தைச்சே ஆகணும். கில்ட்ல உயிரே அந்த இடம்தான். நல்ல பக்கம் ரெண்டும் உள்ள வர்ற மாதிரி ஒவ்வொரு மடிப்பையும் தனியா மடிச்சு, தப்புப் பக்கத்துல இருந்து மிஷின் ஓட்டுங்க. ஊசிக்கு அடியில ரெண்டு அடுக்குதான் வரும், வீட்டு மிஷினே போதும். தையல் கோடு சீட்ல மடிப்பு ஓரத்துல இருந்து 2 இன்ச் 7 நூல். இடுப்புக்கு வரும்போது அதுல இருந்து அரை நூல் தள்ளிப் போகணும். ரெண்டு அடுக்கு இருக்கறதால மொத்தத்துல ஒரு நூல் குறைஞ்சுடும். சாக்பீஸ் நல்லா சீவி வெச்சுக்கோங்க, அரை நூல்ங்கறது சாக்பீஸ் கோடு அகலம்தான். எல்லா மடிப்பும் ஒரே பக்கம் சாயணும். 16-ம் தைச்சதும் சீட்டுல டேப் வெச்சுப் பாருங்க, 20 வரணும். வரலைன்னா அப்பவே ரெண்டு மூணு மடிப்பைத் திருத்திடலாம்.

ஏப்ரன் ஓரத்தை இடுப்புல 18, சீட்ல 20-ன்னு லேசா வளைச்சு மடிச்சு அடிங்க. சீட்டுக்குக் கீழ நேரா விட்டுடலாம்.

இஸ்திரிப்பெட்டி:
இது சரி. தைச்சு முடிச்சதும் கீழ இருக்கற தைக்காத பாகத்துக்கு நான் சொன்ன வினிகர் வேலை. கீழ் ஓரத்தை எம்மிங் பண்ணிட்டுத்தான் மடிக்கணும், மடிச்சப்புறம் எம்மிங் பண்ணினா அடுக்கடுக்கா தடிச்சுடும்.

தறிமேடை:
60 இன்ச்ல 27 போனா 33 இன்ச் அகலத்துக்கு இன்னொரு 4 மீட்டர் சும்மா இருக்கு. தொழில்முறைல ரெட்டை அகலக் கம்பளியை நீளவாக்குல ரெண்டா வெட்டி, இணைப்பு ஒரு மடிப்புக்குள்ள மறையற மாதிரி சேர்த்துத்தான் 8 கெஜம் ஆக்குவாங்க. கரையைக் கீழ வர்ற மாதிரி வெச்சா எம்மிங்கே தேவையில்ல. அதையும் சேர்த்துடலாமே?

ஊசிக்காது:
வேண்டாம். டிரில்ல 8 மீட்டர் போட்டா இடுப்புல அடுக்கு ஏறிப் போய் பட்டி உட்காராது. கம்பளி இஸ்திரிக்கு அடங்கும், டிரில் அடங்காது. அந்தத் துண்டுல பட்டியும் வாரும் வெட்டிக்கட்டும். உள்பக்கம் தைச்ச மடிப்புக்கு மேல ஒரு கேன்வாஸ் பட்டையைக் கை தையல்ல பிடிச்சுட்டா சீட் பக்கம் இழுவை மடிப்புக்குப் போகாது.

ஒத்தையடிப்பாதை:
வார் மூணு. வலது பக்கம் இடுப்புல ஒண்ணு, சீட் பக்கம் ஒண்ணு, இடது பக்கம் உள் ஏப்ரனுக்கு ஒண்ணு. இடது பக்கம் வார் வெளிய வர ஒரு சின்ன ஓட்டை, பட்டன் ஓட்டை மாதிரி சுத்தித் தைச்சுக்கோங்க. வெல்க்ரோ சுத்தற டான்ஸுக்குத் தாங்காது.

எட்டுகெஜம்:
ஊசிக்காது அக்கா சொன்ன மாதிரி சீட் வரைக்கும் தைச்சா நிக்கும். மடிப்பைக் கை தையல்ல தைச்சா இன்னும் துல்லியமா வரும்னு மட்டும் சேர்த்துக்கறேன். அரை நூல் மிஷின்ல தவறும்.

வடக்குக்காற்று:
பிரிச்சு தைச்சாச்சு. சீட் 20 வந்துச்சு. உட்கார்ந்து எழுந்து, சுத்திப் பார்த்தேன், திறக்கலை. பக்கிள் மூணு வாங்கிட்டேன். ரொம்ப நன்றி அக்கா, எல்லாருக்கும்.

ஊசிக்காது:
சந்தோஷம் தம்பி. ஆடிட்டு வந்து போட்டோ போடுங்க.

மலையோரம்:
பழைய இழைதான், மன்னிக்கணும். கேட்டவர் அப்புறம் போட்டோ போடலையா? எனக்கும் தைக்க ஆசை. இடுப்பு 40, சீட் 44. டேப்லதான் எடுத்தேன், தொப்புள் மட்டத்துல. 4 மீட்டர் போதுமா?

ஊசிக்காது:
அவர் வரவே இல்ல. உங்களுக்கும் 4 மீட்டர் போதும். ஏப்ரன் 22, 22, ஓரம் 4 போக 109 இருக்கு. 16 மடிப்புக்கு ஆறேமுக்கால் இன்ச். சீட்ல ஒரு இன்ச் மூணு நூல், இடுப்புல ஒன்றேகால். தைக்கற கோடு சீட்ல மடிப்பு ஓரத்துல இருந்து 2 இன்ச் அஞ்சரை நூல், இடுப்புல 2 இன்ச் ஆறு நூல். இடுப்புல இருந்து சீட்டுக்கு எத்தனை இன்ச்னு எடுத்தீங்களா?