நூல் கட்டி வீல் அலைன்மென்ட்: வீட்டில் செய்யலாமா?

மேட்டுவீடு (சாட்ஸ்வொர்த், டர்பன்): மழைக்குப் பிறகு என்2 சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கியதிலிருந்து, என் பழைய போலோ விவோ கார் நேராக ஓடும்போதும் ஸ்டீயரிங் வலப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. முன் டயர்கள் உள்பக்கமாகத் தேய்கின்றன. தூண்டில் நரம்பு கட்டி நானே டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரிபார்க்கலாமா?

கிரீஸ்கை: தாராளமாகச் செய்யலாம் தம்பி. நாலு ஸ்டாண்ட் வைத்து, இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் நரம்பை இழுத்துக் கட்டு. இடமும் வலமும் ஹப்பிலிருந்து (சக்கர மையம்) ஒரே தூரம் இருக்க வேண்டும், நரம்புகள் இணையாக ஓட வேண்டும். அப்புறம் ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் ஸ்கேல் வைத்து அள. முன் விளிம்பு நரம்பை விட்டுத் தள்ளி இருந்தால் டோ-இன் (உள்நோக்கித் திரும்பல்), கிட்டே இருந்தால் டோ-அவுட் (வெளிநோக்கித் திரும்பல்). லாக் நட்டைத் தளர்த்தி டை ராடை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) திருகு. டயருக்கு அடியில் நடுவே கிரீஸ் தடவிய இரட்டைத் தகடு வை, இல்லாவிட்டால் ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டு அளவு பொய் சொல்லும்.

பீனிக்ஸ்பக்கி: மன்னிக்கணும் அண்ணா. 14 அங்குல ரிம்மில் 1 மி.மீ. தப்பினால் சுமார் 0.15 டிகிரி. தலையைக் கொஞ்சம் சாய்த்து ஸ்கேலைப் பார்த்தாலே அரை மி.மீ. போய்விடும். அதுவும் சாட்ஸ்வொர்த்தில் சமதரைக்கு எங்கே போவார்? பாதி வீடுகளில் கார் ஹேண்ட்பிரேக்கை நம்பித்தான் நிற்கிறது.

கிரீஸ்கை: டோவுக்குச் சரிவு பெரிய விஷயமில்லை, காரோடு நரம்பும் சாய்ந்துதானே நிற்கிறது. கேம்பர், அதாவது சக்கரம் நெட்டுக்குத்தாக நிற்காமல் சாயும் அளவு, அதை அளக்கத்தான் சமதரை வேண்டும்.

பீனிக்ஸ்பக்கி: பின் சக்கரம்? பின் அச்சு கோணலாக இருந்தால், முன்னால் எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் ஸ்டீயரிங் நேராகாது.

கிரீஸ்கை: அதே நரம்பில் பின் ரிம்மையும் அளக்க வேண்டியதுதான். விவோவில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விட்டம்), திருக ஒன்றுமே கிடையாது. நாலு சக்கரத்துக்கும் பில் போடுகிற கடைக்காரர் அங்கே என்னத்தைச் செய்வார்?

பீனிக்ஸ்பக்கி: ஷிம் (கோணத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைக்கலாம். வைக்கிறவர்கள் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோணல் எவ்வளவு என்று கையில் பேப்பர் கிடைக்கும்.

டர்பன்அக்கா: சண்டை இருக்கட்டும், டயரை யாராவது பார்த்தீர்களா? தம்பி, உள்ளங்கையால் குறுக்காகத் தடவிப் பார். ஒரு பக்கம் போகும்போது வழுக்கி, திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரி உறுத்தினால் டோ. வழவழவென்று உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர், அதாவது ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தண்டு) வளைந்திருக்கலாம். அதற்கு நரம்பு உதவாது.

மேட்டுவீடு: உறுத்துகிறது அக்கா, இரண்டு டயரிலும்.

கிரீஸ்கை: டோ-அவுட்தான். ஸ்டீயரிங் வலது பக்கம் நிற்பதைப் பார்த்தால் இடது டை ராட் வளைந்திருக்கும் என்று தோன்றுகிறது.

பீனிக்ஸ்பக்கி: வளைந்த ராடைத் திருகி அளவைக் கொண்டுவருவது வேலையே இல்லை, மாற்றத்தான் வேண்டும். முதலில் ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, கடிகாரத்தில் 9-ம் 3-ம் இருக்கும் இடத்தில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டை (அந்தக் கம்பியின் முனை மூட்டு) பார். 12-ம் 6-ம் பிடித்து ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங்.

கிரீஸ்கை: இதில் எனக்கும் சம்மதம். கழற்றும்போது எண்ட் எத்தனை சுற்றில் வருகிறது என்று எண்ணி, புதிதையும் அத்தனை சுற்று ஏற்று. கடை வரை ஓட்டிப் போக அது போதும்.

பீனிக்ஸ்பக்கி: கடை வரையா அண்ணா?

கிரீஸ்கை: பார்ட்ஸ் கடையைச் சொன்னேன்.