அப்பா ஊருக்குப் போகப்போறன் எண்டு நிக்கிறார். பனிக்காலம் முடியுமட்டும் என்ன செய்யலாம்?

களுவாஞ்சிகுடி மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா வாத்தியாரா இருந்து பென்சன் எடுத்தவர். ஒக்டோபர்ல இஞ்ச ரொறன்ரோவுக்கு வந்தார். வந்த புதுசில நல்லாத்தான் இருந்தவர். மார்கழி பிறந்த பிறகு பத்து மணிக்கு முதல் எழும்புறாரில்ல. எழும்பித் தேத்தண்ணி குடிச்சா மறுகா போர்வைக்குள்ள. "இருட்டுக்குள்ள எழும்பி என்னத்தச் செய்ற?" எண்டு கேக்கிறார். ஊரில நாலரைக்கு எழும்பி வாசல் கூட்டி, பூ ஆய்ஞ்சு, கோயிலுக்குப் போய் வந்துதான் பேப்பர் பாக்கிற மனிசன். இண்டைக்குப் பெட்டிய இழுத்து வெச்சி, "டிக்கெட் போடு, பொங்கலுக்கு ஊட்ட நிக்கோணும்" எண்டுட்டார். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா அவர் பகல் முழுக்கத் தனிய. என்ன செய்றதெண்டு கெதியாச் சொல்லுங்க.

கல்லடிப் பாலம்:
தங்கச்சி, முதல்ல இன்சூரன்ஸப் பாருங்க. கனடாவில சூப்பர் விசா (தாய் தேப்பன் வந்து கனநாள் நிக்கிற விசா) எண்டா ஆகக்குறைஞ்சது 100,000 டொலருக்கு, ஒரு வருசத்துக்கு எடுத்திருப்பீங்க. அதில பழைய வருத்தத்துக்கு ஒரு நிபந்தனை எழுதியிருக்கும்: குறிப்பிட்ட நாளுக்குள்ள மருந்து மாத்தியிருக்கக்கூடாது, அளவு கூட்டியிருக்கவும் கூடாது. ஒவ்வொரு கம்பனிக்கும் அந்த நாள்கணக்கு வேற. ஊரில புறப்படுற கிழமை டொக்டர் பிறஷர் குளிசைய ஒண்டிலிருந்து ரெண்டாக்கியிருந்தா, ஆஸ்பத்திரிக் கணக்கு வரக்குள்ள அதைத்தான் முதல்ல தோண்டுவாங்க. காகிதத்த எடுத்து வாசிங்க.

படுவான்கரைப் பொடியன்:
இது விற்றமின் டி குறைவு அக்கா. 50,000 யுனிற் குளிசை கிழமைக்கு ஒண்டு குடுங்க. எல்லாரும் அப்பிடித்தான் குடுக்கிறாங்க. பகல்ல ஜன்னலுக்குப் பக்கத்தில வெயில் படக் கதிரையப் போட்டு இருத்துங்க. ஒரு மாசத்தில ஆள் எழும்பிருவார்.

வெத்திலைத் தோட்டம்:
தம்பி, 50,000 எண்டது இரத்தம் சோதிச்சுட்டு டொக்டர் எழுதிற அளவு. பக்கத்து ஊட்டுக்காரர் குடிச்சாரெண்டு குடுக்கிற சாமான் இல்ல. கனடாச் சுகாதாரத் திணைக்களம் 51 வயசுக்கு மேல எல்லாருக்கும் நாளுக்கு 400 யுனிற் குளிசை எடுக்கச் சொல்லுது. சாப்பாடும் குளிசையும் சேத்து 70 வயசு மட்டும் 600, அதுக்கு மேல 800. நாளுக்கு 4000 எண்டது தாண்டக்கூடாத கோடு. ஜன்னல் வெயிலால ஒரு பிரயோசனமும் இல்ல, டி உண்டாக்கிற கதிர் கண்ணாடிக்குள்ளால வராது. ரொறன்ரோ கிடக்கிற அகலக்கோட்டில நவம்பர் தொடக்கம் மாசி மட்டும் வெளிய நிண்டாலும் வராது. அதோட, டி குளிசை எலும்புக்கு. ஆளைக் கட்டிலால எழுப்பிற மருந்தெண்டு நினைக்காதீங்க.

திருக்கோவில் அக்கா:
ஊட்டுக்குள்ள அடைச்சு வெச்சா எந்த மனிசனும் இப்பிடித்தான் ஆவான். ஒவ்வொரு நாளும் வெளிய கூட்டிப் போங்க. குளிர் ஆரையும் தின்னாது, உடுப்புச் சரியா இருந்தாச் சரி. உடம்போட ஒட்டினாப்போல பருத்தி பெனியன் போடவேணாம், வேர்வையக் குடிச்சு ஈரமா நிண்டு குளிர ஏத்தும். உள்ளுக்குப் பொலியெஸ்டர் தேர்மல் அல்லது மெல்லிய கம்பளி, நடுவில ஃபிளீஸ், மேல காத்துப் புகாத ஜக்கெற். விரல் விரலாப் பிரிஞ்ச கையுறைய விட நாலு விரலும் ஒண்டா இருக்கிற மிற்றன் சூடு கூட. பூட்ஸ் வாங்கக்குள்ள தடிச்ச சொக்ஸ் போட்டுப் பாருங்க, விரல் உள்ளுக்க ஆடோணும். இறுக்கமா இருந்தா இரத்தம் ஓடாது, அதுதான் கால் விறைக்கிறது.

வம்மியடி:
அக்கா சொல்றத அப்பிடியே செய்யாதீங்க. வயசாளிய ஐஸில நடக்க விட்டு இடுப்பெலும்பு உடைஞ்சா ஆர் பாக்கிற? பனி கொட்டின நாள் பயமில்ல, கால் புதையும், அவ்வளவுதான். ஒரு நாள் உருகி அடுத்த நாள் உறைஞ்சா வாற கண்ணாடி ஐஸ்தான் ஆளை விழுத்தும். ரோட்டு நனைஞ்ச மாதிரித் தெரியும், ஆனா அது தண்ணி இல்ல. காத்தோட சேந்த குளிர் மைனஸ் 28க்குக் கீழ போனா மூடாத தோல் 10 தொடக்கம் 30 நிமிசத்துக்குள்ள உறையலாம். சும்மா இருக்கேலாதெண்டு அவர் சவள எடுத்துப் பனி தள்ள வெளிக்கிட்டா, தடுங்க. குளிரில இரத்தக்குழாய் சுருங்கியிருக்க, மூச்சப் பிடிச்சுப் பாரம் தூக்கக்குள்ளதான் நெஞ்சடைப்பு வாறது.

கோளாவில் மருமகன்:
உண்மையக் கதைப்பமா? கூட்டிவாறது பேரப்பிள்ளை பாக்க. பேஸ்மென்ட் அறை ஒண்டு, முகட்டோட ஒட்டினாப்போல ஒரு ஜன்னல். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால வந்தா இங்கிலிசுதான். டீவியில நாடகம். மறுகா "அப்பாக்கு மனசு சரியில்ல" எண்டு கேள்வி. வாடகை கட்டவே ரெண்டு பேர் வேலை செய்யோணும் எண்டா என்னத்துக்குக் கூட்டிவாறீங்க? டிக்கெட்டப் போட்டு அனுப்புங்க.

கல்லடிப் பாலம்:
அதைச் சொல்லுங்க. கொழும்புக்கு டிக்கெட் மார்கழியில விக்கிற விலை தெரியுமா? இன்சூரன்ஸ் காசிலயும், முதலே போனா மிஞ்சிற நாளுக்குத் திருப்பித் தாறதெண்டா ஆயிரம் காகிதம்.

படுவான்கரைப் பொடியன்:
ஊரில மட்டும் என்ன, இப்ப அடைமழை. போன கிழமை எங்கட பக்கம் றோட்டுக்கு மேலால தண்ணி. வயலுக்குப் பசளை எறிய இறங்கேலாம நிக்கிறாங்க. அங்க போனாலும் ஊட்டுக்குள்ளதான்.

களுவாஞ்சிகுடி மகள்:
நாங்க ஒருத்தரையும் பேரப்பிள்ளை பாக்கக் கூட்டிவரல்ல, எங்களுக்கு இன்னும் பிள்ளையும் இல்ல. பேஸ்மென்ட்டும் இல்ல, ஸ்காபரோவில பன்ரெண்டாம் மாடி. அப்பாக்கு வயசு 71. சீனி வருத்தம், மெற்போமின் எடுக்கிறார். ஒரு கண்ணில வெண்புரை வெட்டினது. சூப்பர் விசாதான். இரவில ஊரோட வட்ஸ்அப்பில கதைச்சு ஒரு மணி ரெண்டு மணி ஆகும், அது ஒண்டுதான் அவருக்குச் சந்தோசம். அதையும் மறிக்க மனசு வருதில்ல.

வெத்திலைத் தோட்டம்:
பென்சன் எடுத்தவரெண்டா உயிர்வாழ் சான்றிதழ் ஞாபகம் இருக்கட்டும். வருசா வருசம் குடுக்கோணும். வெளிநாட்டில நிண்டா இலங்கைத் தூதரகத்தில உறுதிப்படுத்தி அனுப்பலாம், ரொறன்ரோவில துணைத்தூதரகம் இருக்கு. விட்டா பென்சன் நிக்கும். நிண்ட பென்சனத் திருப்பி எடுக்கிறதுக்குத்தான் ஆக்கள் ஊருக்கு ஓடுறாங்க.

மாமாங்கத் தீர்த்தக்கரை:
மகள், முக்கியமானத இப்பதான் சொன்னீங்க. இரவில ரெண்டு மணி மட்டும் வட்ஸ்அப். அங்கதான் முடிச்சு.

பனிக்காலத்தில நம்மட ஊர் ரொறன்ரோவ விடப் பத்தரை மணித்தியாலம் முன்னுக்கு நிக்கும். உங்களுக்கு இரவு பதினொண்டரை எண்டா களுவாஞ்சிகுடியில காலை பத்து. எல்லாரும் எழும்பிக் கலகலப்பாக் கதைக்கிற நேரம். அந்த நேரம் ஃபோன் வெளிச்சம் முகத்தில அடிச்சா உடம்பு பகலெண்டுதான் எடுக்கும். மறுகா ரெண்டு மணிக்குப் படுத்தவர் பத்துக்கு எழும்பிறதில என்ன பிழை? இஞ்ச இப்ப சூரியன் 7.50 போல வந்து 4.45க்கு விழுந்துரும். பத்துக்கு எழும்பி மறுகாலும் போர்வைக்குள்ள போனா, அவர் காணுற வெளிச்சம் நாலு மணித்தியாலமும் வராது.

ஃபோன மறிக்கவேணாம், நேரத்த மாத்துங்க. இஞ்ச காலை 7.30 எண்டா அங்க பின்னேரம் 6 மணி. கோயிலால வந்து ஆக்கள் விறாந்தையில இருக்கிற நேரம். அவங்களுக்கும் அதுதான் வசதி, நீங்க சொல்லாம அவங்களுக்குத் தெரியாது. ஒரே நாளில ரெண்டு மணிய பத்தாக்க ஏலாது. மூண்டு நாளைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் முன்னுக்கு இழுங்க. எழும்பிற நேரத்த மட்டும் முதல் நாளே பிடிங்க, அலாரம் ஏழரை. முதல் நாலஞ்சு நாள் ஆள் சிணுங்குவார். பகல் நித்திரை அரை மணித்தியாலம், அதுவும் மூண்டு மணிக்கு முதல்.

அந்தக் காலை அழைப்போட வெளிச்சப் பெட்டியச் சேருங்க, பகல் வெளிச்சத்துக்குப் பதிலா மேசையில வெக்கிற பிரகாசமான லைட் அது. வாங்கக்குள்ள 10,000 லக்ஸ் (வெளிச்சத்த அளக்கிற அலகு), புற ஊதாக் கதிர் வடிகட்டினது எண்டு போட்டிருக்கோணும். எத்தினை சென்ரிமீற்றர் தூரத்தில 10,000 எண்டும் பாருங்க, அதுதான் ஏமாத்திற இடம். சின்னப் பெட்டியெல்லாம் ஒரு சாண் தூரத்திலதான் அந்தக் கணக்கக் குடுக்கும், ரெண்டடி தள்ளி வெச்சா கால்வாசியும் வராது. 40 சென்ரிமீற்றர் போல வெச்சு, நேர பாக்காம பக்கவாட்டில விட்டு, 20 தொடக்கம் 30 நிமிசம். பின்னேரம் போட்டா நித்திரை இன்னும் பிந்தும். ஊட்டு மின்குமிழ் இதுக்குப் பதிலாகாது, சாதாரண அறையில முந்நூறு லக்ஸ் வந்தாலே பெரிசு. ஆனா சீனி வருத்தம், கண் வெட்டினது எண்டுறீங்க. பெட்டி வாங்க முதல் கண் டொக்டரிட்ட விழித்திரையக் காட்டிக் கேளுங்க. அவர் வேணாமெண்டா மத்தியானம் வெளிய அரை மணித்தியாலம் போதும், மூடின வானத்திலயும் ஊட்டுக்குள்ளய விடப் பல மடங்கு வெளிச்சம்.

மெற்போமின் கனகாலம் எடுத்தா பி12 குறையலாம். களைப்பு, கால் விறைப்பு ரெண்டும் அதால வரும். கால் விறைச்சா ஐஸில விழுறது கூட. பி12, தைரொயிட் ரெண்டையும் சோதிக்கச் சொல்லுங்க. கால் சூடாக்க ஹீற்றருக்குக் கிட்ட நீட்டவே வேணாம், உணர்ச்சி குறைஞ்ச கால் சுட்டாலும் தெரியாது. இரவில சொக்ஸக் கழட்டி உள்ளங்காலப் பாக்கிற பழக்கம் வேணும்.

நடக்கிறதுக்கு மோல். பல மோல்கள்ல கடை திறக்க முதலே நடக்கிறவங்களுக்காகக் கதவு திறப்பாங்க. உங்கட கிட்டடி மோலுக்கு ஃபோன் எடுத்து நேரத்தக் கேளுங்க. கிழமைக்கு 150 நிமிசம், நாளுக்கு அரை மணித்தியாலம் அஞ்சு நாள். மழையும் ஐஸும் சேந்த நாள் பன்ரெண்டாம் மாடிக் கொரிடோர் போதும். நடை மட்டும் காணாது, தொடை பலம் வேணும். கைபிடி இல்லாத கதிரையச் சுவரோட முட்ட வெச்சு, கைய நெஞ்சில கட்டி, 30 செக்கனில எத்தினை தரம் எழும்பி இருக்கிறார் எண்டு எண்ணுங்க. 71 வயசு ஆம்பிளைக்கு 12க்குக் குறைஞ்சா விழுற அபாயம் இருக்கு. அதையே பயிற்சியா பத்துத்தரம், ரெண்டு முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். குசினி மேசையப் பிடிச்சு குதி உயத்தி இறக்கிறதும் அப்பிடியே.

கடைசியாகத்தான் பெரிய விசயம், அவருக்கு எழும்ப ஒரு காரணம் வேணும். என்ன பாடம் படிப்பிச்சவர் எண்டு நீங்க சொல்லல்ல. கணக்கோ தமிழோ, ஊரில நாலு பிள்ளையச் சேத்து காலை 7.45க்கு சூம் வகுப்பு வைக்கச் சொல்லுங்க. அங்க 6.15, பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிஞ்சு குளிச்சுச் சாப்பிட்டிருக்கும். இலவச சூம் 40 நிமிசத்தில அறுந்துரும், ஒரு பாடத்துக்கு அது சரியான அளவு. காசு வாங்கவேணாம். அரசாங்க இங்கிலிஸ் வகுப்பு சூப்பர் விசாக்காரருக்கு இல்ல, அதுக்கு அலையாதீங்க. ரொறன்ரோ நூலகத்தில தமிழ்ப் புத்தகம் இருக்கு, உங்கட நூலகக் கார்டிலயே எடுக்கலாம். ஆங்கிலம் கதைச்சுப் பழகிற வட்டமும் நடத்துறாங்க. ஸ்காபரோவில தமிழ் மூத்தோர் கூடுற இடம் எதெண்டு 211க்கு (சமூக உதவித் தகவல் சொல்ற ஃபோன் இலக்கம்) எடுத்துக் கேளுங்க, தமிழில கதைக்க ஆள் பிடிச்சுத் தருவாங்க.

ரெண்டு கிழமைக்கு மேல சாப்பாடும் வேணாம், கதையும் வேணாம் எண்டு போனா, அல்லது "இருந்து என்னத்துக்கு" எண்டு சொன்னா, இதெல்லாத்தையும் விட்டுட்டு டொக்டரிட்டக் கூட்டிப் போங்க.

திருக்கோவில் அக்கா:
ஒரு சட்டியில வெந்தயம் போடச் சொல்லுங்க. இரவு ஊறவெச்சு, ரெண்டு அங்குல மண்ணில நெருக்கமாத் தூவி, ஈரம் காயாமப் பாத்தா ரெண்டு கிழமையில சுண்டலாம். கறிவேப்பிலைச் சட்டி இருந்தாத் தண்ணியக் குறைங்க, பனிக்காலத்தில இலை கொட்டினாப்போல பட்டுப்போச்செண்டு தூக்கி எறியாதீங்க. வேர் அழுகிறது தண்ணியாலதான்.

களுவாஞ்சிகுடி மகள்:
கணக்கு வாத்தியார். ஏழே முக்கால் வகுப்பச் சொன்னன், "எந்த வகுப்புப் பிள்ளைகள்?" எண்டு மட்டும் கேட்டார். கண் டொக்டருக்கு நாளைக்கு எடுக்கிறன். பூட்ஸுக்கு அடியில போடுற முள்ளு எது வாங்கிற?

வம்மியடி:
இறப்பரில இழுத்துப் போடுறதுதான் லேசு. பூட்ஸையும் கடைக்குக் கொண்டு போய் மாட்டிப் பாத்து வாங்குங்க, செருப்பளவு சொல்லி வாங்கினா தளந்து கழண்டுரும். குனியக் கஷ்டமெண்டா குதியில மடிக்கிற வகை பாருங்க. மோல் வாசல்ல இருந்து கட்டாயம் கழட்டோணும், ஐஸில பிடிக்கிற முள்ளு மாபிள்ல வழுக்கும். அதுக்கு வாசல்ல இருக்க ஒரு வாங்கு இருக்கா எண்டு முதல் நாளே பாத்து வெச்சிக்கொள்ளுங்க.